வீட்டு அலாரம் பேனலில் இணைய மாட்யூல்: நான்கு கம்பி வேலைதானா?

கேள்வி, 3 பிப்ரவரி

எங்கள் வீட்டில் கம்பி வழியில் இயங்கும் அலாரம் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. எட்டு ஜோன் (தனித்தனி உணரி இணைப்புகள்), இரண்டு கீபேட், ஒரு சைரன். தரைவழித் தொலைபேசியைத் துண்டித்த பிறகு பேனலால் கண்காணிப்பு மையத்துக்கு எதையும் சொல்ல முடியவில்லை. சைரன் மட்டும் அலறுகிறது. பேனலை மாற்ற வேண்டாம், அதில் ஓர் இணைய மாட்யூலைப் பொருத்தினால் போதும், நான்கு கம்பியும் ஒரு நெட்வொர்க் கேபிளும் சேர்த்து அரை மணி நேர வேலை என்கிறார்கள். மாட்யூலை வாங்கிவிட்டேன். நானே செய்யலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

செய்யலாம். நானும் செய்திருக்கிறேன், என் பேனல் உங்களுடையதைவிடப் பழையது. அரை மணி நேரம் என்பது கம்பிகளைச் செருகும் வேலைக்குச் சரியான கணக்குதான். செருகிய பிறகு அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கண்காணிப்பு மையத்தை அழைத்து உங்கள் கணக்கைச் சோதனை நிலையில் வைக்கச் சொல்லுங்கள். இப்போது பேனலிலிருந்து எந்தச் செய்தியும் போவதில்லை என்பது உண்மைதான், ஆனால் மாட்யூல் உயிர்பெற்ற சில நிமிடங்களிலேயே டேம்பர் (பெட்டி திறக்கப்பட்டது), மின் தடை, பேட்டரி என்று வரிசையாகச் செய்திகள் கிளம்பும். அங்கே இருப்பவர் அவற்றை உண்மையென்று எடுத்துக்கொண்டு ஆள் அனுப்பினால் தவறு அவருடையது அல்ல. அடுத்து, இன்ஸ்டாலர் கோடு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அலாரத்தைப் போடவும் எடுக்கவும் நாள்தோறும் அழுத்தும் எண் வேறு. பேனலின் அமைப்புகளுக்குள் நுழைய விடும் எண் வேறு. அது இல்லாமல் தொடங்கினால் கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் மாட்யூலைப் பேனலுக்கு அறிமுகப்படுத்த முடியாமல் நிற்பீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பேட்டரியின் சிவப்பு வயரையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் பலகையில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். கீபேட் வயர்கள் வந்து சேரும் நான்கு டெர்மினல்கள் பலகையின் விளிம்பில் இருக்கும்: சிவப்பு 12 வோல்ட், கருப்பு கிரவுண்ட், பச்சையும் மஞ்சளும் தகவல். மாட்யூலின் நான்கு கம்பிகளும் அதே நான்கில் போக வேண்டும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில பேனல்களில் மஞ்சள் கடிகாரத் துடிப்பையும் பச்சை தகவலையும் சுமக்கும். வேறு சிலவற்றில் பச்சை கீபேடிலிருந்து பேனலுக்கும் மஞ்சள் பேனலிலிருந்து கீபேடுக்கும் போகும் தனித்தனிப் பாதைகள். முன்பு வேலை செய்தவர் கைக்குக் கிடைத்த நிறத்தில் வயரை இழுத்திருக்கவும் கூடும். பலகையில் டெர்மினலின் அருகே அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்து அதன்படி இணைப்பதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, கம்பியின் தோலை ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உரிக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு கம்பி இருக்கும் துளைக்குள் மூன்றாவதைத் திணிக்கும்போது ஏதாவது ஓர் இழை வெளியே விலகிக்கொள்ளும். என் பெட்டியில் மயிரிழை போன்ற ஒற்றைச் செம்பு இழை சிவப்பிலிருந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மின்சாரம் கொடுத்ததும் இரண்டு கீபேடும் இருண்டுவிட்டன. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது அந்த இழை பளிச்சென்று மின்னியதால் கண்டுபிடித்தேன். நேராக ஒளி அடித்துப் பார்த்தபோது கண்ணில் படவே இல்லை.

மாட்யூலுக்குள்ளேயே நிலையான ஐபி முகவரி (வீட்டு வலையில் அதன் எண்) ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், 192.168.1.50 போல. பிறகு தேடி அலைய வேண்டியிருக்காது.

4 பிப்ரவரி, காலை

நேற்று மின்னோட்டக் கணக்கை எழுத விட்டுவிட்டேன். அதைப் போட்டுப் பார்க்காமல் சிவப்பு வயரைத் தொட வேண்டாம்.

என் வீட்டில் அமைதி நிலையில் பேனல் 100 மில்லி ஆம்பியர், கீபேட் இரண்டும் சேர்ந்து 60, நடமாட்ட உணரிகள் நான்கும் சேர்ந்து 60, ஆக 220 இழுத்துக்கொண்டிருந்தன. மாட்யூல் 110 சேர்த்தது. 7 ஆம்பியர்-மணி பேட்டரியை 0.22 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 32 மணி நேரம், 0.33 ஆல் வகுத்தால் 21 மணி நேரம். இது புதிய பேட்டரிக்கான காகிதக் கணக்கு; சைரன் ஒலித்தால் இது குறையும், பேட்டரி பழசானால் இன்னும் குறையும். பேனலின் துணை மின் வெளியீட்டுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு, அது கையேட்டில் இருக்கும். உங்கள் சாதனங்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை அந்த வரம்புக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

6 பிப்ரவரி

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாட்யூலின் கையேடு கீபேட் டெர்மினல்களோடு பேனலின் தொலைபேசி டெர்மினல்களையும் இணைக்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் இருப்பது என்னுடையதிலிருந்து வேறு வகை. முதல் நாள் நான் எழுதியது கீபேட் பாதையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும் வகைக்கு மட்டும் பொருந்தும் என்று திருத்திக்கொள்கிறேன்.

என் மாட்யூல் பேனலின் கண்ணுக்கு இன்னொரு கீபேட். அதற்கென்று ஒரு முகவரி எண்ணைப் பேனலின் அமைப்பில் திறந்துவிட வேண்டும். அந்த எண் ஏற்கெனவே ஒரு கீபேடுக்குப் போயிருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். உங்களுடையது வேறு வழியில் போகிறது. தொலைபேசி நிலையம் போல நடித்து, பேனல் எண்ணைச் சுழற்றும்போது மறுமுனையில் எடுத்துப் பேசி, பேனல் ஒலியாகச் சொல்வதைக் கேட்டு அதை இணையச் செய்தியாக மாற்றி அனுப்புகிறது. பேனலுக்குத் தான் இன்னும் தொலைபேசியில் பேசுவதாகவே எண்ணம்.

அந்த ஒலியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பின்னால் கோளாறு தேடும்போது மிகவும் உதவும். பெரும்பாலான பேனல்கள் கான்டாக்ட் ஐடி என்ற வடிவத்தில் பேசுகின்றன. எடுத்தவர் 1400 ஹெர்ட்ஸிலும் பிறகு 2300 ஹெர்ட்ஸிலும் நூறு நூறு மில்லி விநாடி ஒலித்துத் தான் தயார் என்று காட்டுவார். உடனே பேனல் பதினாறு எண்களைத் தொலைபேசிப் பொத்தான் ஒலிகளாக வேகமாக அனுப்பும். ஒவ்வோர் எண்ணுக்கும் 50 மில்லி விநாடி ஒலி, 50 மில்லி விநாடி இடைவெளி; ஆக ஒரு முழுச் செய்தியும் ஏறத்தாழ 1.6 விநாடியில் முடிந்துவிடும். சரியாகக் கிடைத்தால் மறுமுனை மீண்டும் 1400 ஹெர்ட்ஸில் நீளமாக ஒலித்து விடைகொடுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 4321 18 1 130 01 003 7. முதல் நான்கும் உங்கள் கணக்கு எண். 18 என்பது செய்தி வடிவம். அடுத்த 1 என்றால் புதிய நிகழ்வு, 3 என்றால் அது சரியாகிவிட்டது என்ற மீட்சிச் செய்தி. 130 திருட்டு அலாரம், 01 பகுதி, 003 மூன்றாவது ஜோன். கடைசி 7 சரிபார்ப்பு எண். பூஜ்யத்தைப் பத்தாகக் கொண்டு பதினாறு எண்களையும் கூட்டினால் 15ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். கூட்டிப் பாருங்கள், 75 வரும். முதல் தடவை இதைக் காகிதத்தில் கூட்டிச் சரியாக வந்தபோது, பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகச் சுவரில் பேசாமல் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டி இவ்வளவு கவனமாகப் பேசுகிறதே என்று எனக்கு அதன் மேல் ஒரு மதிப்பு வந்தது.

இணையத் தொலைபேசி அடாப்டரில் பேனலை நேராகச் செருகிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. மனிதக் குரலுக்காக ஒலியைச் சுருக்கும் முறைகளில் இந்த ஒலிகள் சிதையும். ஒலியைச் சுமக்கும் ஒரு தகவல் பொட்டலம் வழியில் தொலைந்தால் ஓர் எண் விழுங்கப்படும், கூட்டல் 15ஆல் வகுபடாது, விடைகொடுக்கும் ஒலி வராது, பேனல் மறுபடி மறுபடி முயலும். சில நாள் போகும், சில நாள் போகாது. அலாரத்துக்கு அது போதாது. உங்கள் மாட்யூல் பெட்டிக்குள்ளேயே அரையடி வயரில் ஒலியைக் கேட்டு உடனே எண்ணாக மாற்றிவிடுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

9 பிப்ரவரி

கேபிளைப் பற்றி. இது நீளமாகும், ஏனென்றால் என் மூன்று வாரத்தில் ஒன்றரை வாரம் இதற்கே போயிற்று.

பேனல் பெட்டி படிக்கட்டின் கீழ், ரவுட்டர் வீட்டின் மறுகோடியில். இருபத்தைந்து மீட்டர் கேபிளை நானே இழுத்து இரு முனையிலும் பிளக்கை நானே அழுத்தினேன். எட்டு விளக்குள்ள சாதாரண டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிந்தது. மாட்யூலில் பச்சை விளக்கு வந்தது. ஆனால் கைப்பேசிச் செயலியில் பேனல் ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் காணாமற்போகும். மாட்யூலைச் சந்தேகித்தேன், மாற்றி வாங்கினேன், அதுவும் அப்படியே. கடைசியில் மடிக்கணினியை அதே கேபிளில் செருகி ரவுட்டருக்கு நூறு பிங் (பதில் கேட்கும் சிறு செய்தி) அனுப்பினேன், ஒன்பது திரும்பவில்லை. கடையில் வாங்கிய குட்டைக் கேபிளில் நூறும் திரும்பின.

காரணம் இதுதான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட் ஈதர்நெட் 1, 2 ஆகிய முனைகளை ஒரு சோடியாகவும் 3, 6 ஆகியவற்றை இன்னொரு சோடியாகவும் பயன்படுத்துகிறது. நான் நிறங்களைப் பார்வைக்கு ஒழுங்காக வரும்படி 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுக்கியிருந்தேன். இரு முனையிலும் ஒரே ஒழுங்கு என்பதால் ஒவ்வொரு கம்பியும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, டெஸ்டரும் சரி என்றது. ஆனால் 3ஆம் கம்பி ஒரு முறுக்கிலும் 6ஆம் கம்பி வேறொரு முறுக்கிலும் ஓடின. சோடியாக முறுக்குவதன் நோக்கமே இரு கம்பியும் ஒரே இரைச்சலை ஏற்று அது ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள வேண்டும் என்பது. முறுக்கு பிரிந்ததும் பக்கத்துச் சோடியின் துடிப்பு இதில் ஏறிவிட்டது. குட்டைக் கேபிளில் இதே பிழை தெரியாமலே போயிருக்கும், இருபத்தைந்து மீட்டரில் தெரிந்துவிட்டது.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சைச் சோடி நீலத்தை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு உட்காரும், அதுதான் அடையாளம். பிளக்கை வெட்டி மறுபடி அழுத்தினேன். நூற்றுக்கு நூறு பிங்கும் திரும்பின, அன்றிலிருந்து அந்தக் கேபிளால் ஒரு குறையும் இல்லை. மாட்யூலை மாற்றித் தந்த விற்பனையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

9 பிப்ரவரி, இரவு

வைஃபை மாட்யூல் போட்டால் கேபிளே வேண்டாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பேனல் இருப்பது எஃகுப் பெட்டி, மூடியை மூடியதும் சிக்னல் விழுந்துவிடும். ஆன்டெனாவை வெளியே கொண்டுவந்தாலும், பழைய வைஃபையில் வெளியாள் ஒருவர் போலித் துண்டிப்புச் செய்திகளை அனுப்பிச் சாதனத்தை உதறிவிட முடியும். 2009இல் வந்த 802.11டபிள்யூ இதைத் தடுக்கும் வழி, வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3இல் அது கட்டாயம். ஆனால் மாட்யூலும் ரவுட்டரும் இரண்டுமே அதைப் பேச வேண்டும். அலாரம் என்பதால் நான் கேபிளையே சொல்வேன்.

15 பிப்ரவரி

எல்லாம் முடிந்தது, பச்சை விளக்கு நின்று எரிகிறது என்ற உங்கள் செய்தியைப் பார்த்தேன். மகிழ்ச்சி. ஆனால் இந்த உரையாடலில் நான் சொல்ல விரும்பிய முதன்மையான விஷயமே இனிமேல்தான்.

அந்தப் பச்சை விளக்கு மாட்யூலுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கேபிளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ரவுட்டருக்கு அப்பால் இணையம் இருக்கிறதா, இணையத்துக்கு அப்பால் மையத்தில் செய்தி வாங்கும் கருவி கேட்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பழைய தொலைபேசி இணைப்பில் ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது கம்பியில் 48 வோல்ட் நிற்கும்; பேனல் அதை அளந்துகொண்டே இருந்து, அது விழுந்தால் கீபேடில் முனகும். இணையத்தில் அப்படி அளந்து பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே பாதை செத்துப்போனால் மிஞ்சுவது மௌனம்தான், பாதை நன்றாக இருந்து வீட்டில் ஒன்றும் நடக்காத நாளிலும் அதே மௌனம்தான்.

என் வீட்டில் மூன்று நாள் அப்படிப் போயிற்று. வெள்ளிக்கிழமை இணைய நிறுவனத்தின் ஆள் வந்து போனார். திங்கள் மாலை நான் தற்செயலாகச் செயலியைத் திறந்தபோது பேனல் கடைசியாகப் பேசியது வெள்ளி பகல் என்றிருந்தது. இடையில் ஞாயிறு முழுவதும் அம்மா வீட்டில் தனியாக இருந்தார். அவசரப் பொத்தானைக் கழுத்தில் மாட்டியிருந்தார், அதை அழுத்தினால் யாராவது வருவார்கள் என்று நம்பியிருந்தார். நானும் நம்பியிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்பது நல்ல காலம். அந்த மாலை படிக்கட்டில் உட்கார்ந்து பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை. அது அந்த மூன்று நாளும் எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. இணைய நிறுவனம் கெடுத்துவிட்டது என்று அன்று முடிவு கட்டினேன்.

அதனால் மாட்யூல் செய்தி அனுப்புகிறதா என்று கேட்பது பாதிக் கேள்விதான். அது அனுப்பாமல் நின்றுவிட்டால் எத்தனை நிமிடத்தில் யாருக்குத் தெரியும் என்பதுதான் மீதிப் பாதி. அதற்கான விடையை மறுமுனை மட்டுமே கொடுக்க முடியும்.

16 பிப்ரவரி

மேலே எழுதியதைச் செயலில் எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக அறுத்துப் பாருங்கள்.

மாட்யூலிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீபேட் எப்போது முனகுகிறது, மையம் எப்போது அழைக்கிறது? மீண்டும் செருகுங்கள். அடுத்து கேபிளைத் தொடாமல், ரவுட்டரிலிருந்து வெளியே போகும் இணைப்பை மட்டும் பிடுங்குங்கள். இதில்தான் வித்தியாசம் தெரியும்: என் வீட்டில் முதல் சோதனையில் கீபேட் அரை நிமிடத்தில் முனகியது, இரண்டாவதில் முனகவே இல்லை, மையமும் அழைக்கவில்லை. விசாரித்தபோது என் கணக்கில் மாட்யூலின் உயிர்த்துடிப்புச் செய்தியை (இருக்கிறேன் என்று அது விடாமல் அனுப்பும் சிறு செய்தி) எதிர்பார்க்கும் வசதியே இயக்கப்படவில்லை, நாளுக்கு ஒரு முறை போகும் 602 சோதனைச் செய்தி மட்டுமே அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது, அது வராவிட்டாலும் யாரும் கவனிக்கும்படி வைக்கவில்லை என்று தெரிந்தது.

ஐரோப்பியத் தரநிலை இஎன் 50136 இதைத் தெளிவாகப் படிநிலைகளாகப் பிரித்திருக்கிறது. பாதை செத்ததை எத்தனை நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது எஸ்பி2 வகைக்கு 25 மணி, எஸ்பி3க்கு 30 நிமிடம், எஸ்பி4க்கு 3 நிமிடம், எஸ்பி6க்கு 20 விநாடி. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் மையத்திடம் கேட்க இது நல்ல அளவுகோல்: என் கணக்கு மௌனமானால் நீங்கள் எத்தனை நேரம் காத்திருப்பீர்கள்? அவர்கள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். "உடனே தெரிந்துவிடும்" என்பது விடை அல்ல. நான் ஐந்து நிமிடம் என்று வைக்கச் சொன்னேன். அதைவிடக் குறைத்தால் ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும் ஒவ்வொரு முறையும் அழைப்பு வரும். அடிக்கடி வந்தால் நாமே அலட்சியமாகிவிடுவோம்.

22 பிப்ரவரி

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் அறுத்துப் பார்க்கச் சொல்ல மறந்தேன். 4ஆம் தேதி நான் போட்ட 21 மணி நேரக் கணக்கு பேனலுக்கும் மாட்யூலுக்கும் மட்டும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் மின்சாரம் போன நொடியே அணைந்துவிடும். அதன் பிறகு பேனல் 21 மணி நேரம் விழித்திருந்து யாரிடமும் பேச முடியாமல் இருக்கும்.

ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் பேனலின் 12 வோல்ட் வெளியீட்டிலேயே கொடுத்துவிடலாமே என்று நான் ஒரு வாரம் யோசித்தேன், வேண்டாம். என் ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றிருக்கிறது. பேனலின் மொத்த வெளியீட்டையே அது மிஞ்சிவிடும். தவிர, பேனல் பேட்டரி 13.8 வோல்ட் வரை ஏறும், தேய்ந்தால் 11க்கும் கீழே இறங்கும், ரவுட்டர் அதற்கென்று கட்டப்பட்டதல்ல. இரண்டுக்கும் பொதுவாகத் தனியாக ஒரு சிறு யுபிஎஸ் வைத்தேன். ஃபைபர் பெட்டியை அதில் சேர்க்க மறந்தால் யுபிஎஸ் வாங்கிய பணம் வீண்.

2 மார்ச்

முதல் நாள் நான் எழுதிய கடைசி இரண்டு வரியைத் திரும்பப் பெறுகிறேன். மாட்யூலுக்குள் நிலையான ஐபி முகவரி கொடுக்க வேண்டாம்.

மூன்று நாள் மௌனத்துக்கு இணைய நிறுவனத்தைக் குறை சொல்லியிருந்தேன். இந்த வாரம் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. அந்த ஆள் செய்தது பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தது மட்டும்தான், அதைச் சரியாகவே செய்திருக்கிறார். பழைய ரவுட்டரின் வலை 192.168.1 என்று தொடங்கியது, புதியதன் வலை 192.168.0 என்று தொடங்குகிறது. வீட்டில் உள்ள மற்றச் சாதனங்கள் எல்லாம் புதிய முகவரியைத் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டன. மாட்யூல் மட்டும் நான் எழுதிவைத்த 192.168.1.50ஐப் பிடித்துக்கொண்டு, அங்கே இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருந்தது. அன்று எல்லாவற்றையும் அணைத்துப் போட்டதில் மாட்யூலின் அமைப்பையும் அழித்துவிட்டேன். தானாக முகவரி வாங்கும் நிலைக்கு அது திரும்பியதால்தான் சரியாயிற்று. தவறு என்னுடையது.

செய்ய வேண்டியது இது: மாட்யூல் டிஎச்சிபி (ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறை) வழியாகத் தானாக முகவரி வாங்கட்டும், அதன் மேக் முகவரியை (சாதனத்தின் மாறாத அடையாள எண்) குறித்துக்கொண்டு, எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள். ரவுட்டர் மாறினால் ஒதுக்கீடு போகும், ஆனால் இணைப்பு போகாது.

பக்கத்திலேயே இருப்பதால் இதையும் சொல்கிறேன். வெளியிலிருந்து செயலியில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடும்படி சில பழைய கையேடுகள் சொல்லும், செய்யாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து வெளியே தானே அழைத்துப் பேசும் மாட்யூலுக்கு உள்ளே வரும் வழி எதுவும் தேவையில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் பிடித்தது தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களை வரிசையாக முயன்றுதான். மாட்யூலின் வலைப்பக்கத்துக்கு இருக்கும் தொடக்கக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள், இன்ஸ்டாலர் கோடையும் மாற்றுங்கள்.

இணையத்துக்கு வெளியே போகும் பாதையும் சும்மா இருந்தால் மூடிக்கொள்ளும். வெளியே போன தொடர்பின் விடை எந்தச் சாதனத்துக்கு என்று ரவுட்டர் ஒரு பட்டியலில் நினைவு வைத்திருக்கிறது. யுடிபி என்ற அனுப்பும் முறையில் சிறிது நேரம் பேச்சில்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடும். குறைந்தது 2 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4787 சொல்கிறது, 30 விநாடியிலேயே அழிக்கும் ரவுட்டர்களும் உண்டு. செயலியிலிருந்து அலாரத்தைப் போடச் சொன்னால் சில சமயம் மட்டும் போகவில்லை என்று நீங்கள் எழுதியதற்கு இது காரணமாக இருக்கலாம். உயிர்த்துடிப்பு இடைவெளியை 25 விநாடிக்குக் குறைத்துப் பாருங்கள்.

4 மார்ச்

25 விநாடி வைத்ததும் சரியாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

21 மார்ச்

நான்கு மணி நேர மின்தடையில் உங்கள் பேனல் பேட்டரி தீர்ந்ததாகச் சொல்லிவிட்டு முழுவதுமாக அணைந்தது என்றீர்கள். கணக்குப்படி இருபது மணியாவது நின்றிருக்க வேண்டும். பேட்டரியின் பக்கவாட்டில் யாராவது தேதி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஈய-அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டில் தளர்ந்துவிடும். பதினோரு ஆண்டில் அதை யாரும் மாற்றவில்லை என்றால் அது இதுவரை பேருக்குத்தான் இருந்திருக்கிறது. மாட்யூல் அதைக் கெடுக்கவில்லை, அதன் நிலையை வெளியே காட்டியிருக்கிறது.

சார்ஜரில் இருக்கும்போது மல்டிமீட்டர் 13.8 காட்டும், அதை நம்பாதீர்கள். அது சார்ஜரின் அளவு. டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கிவிட்டு, சுமை இருக்கும்போதே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். நல்ல பேட்டரி 12.7 அருகே வந்து அங்கிருந்து மெதுவாக இறங்கும். உங்களுடையது கண்ணெதிரே சரியும். பழையதன் பக்கங்கள் உப்பியிருந்தால் பெட்டியிலிருந்து நெம்பி எடுக்காமல் பக்குவமாக வெளியே எடுங்கள், கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். புதியதில் மாற்றிய தேதியை நீங்களே பேனாவால் எழுதுங்கள்.

12 ஏப்ரல்

இரவு இரண்டு மணிக்குக் கீபேட் முனகுகிறது என்ற சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் மாட்யூல் தொலைபேசி நிலையம் போல நடிக்கிறது. மறுதொடக்கம் ஆகும் சில விநாடிகளில் அந்த நடிப்பு நின்று கம்பியில் வோல்டேஜ் விழும், பேனல் தொலைபேசி செத்ததாக 351 பதிவு செய்யும். அந்த நேரத்தில் உங்கள் ரவுட்டரோ மாட்யூலோ தானாக மென்பொருள் புதுப்பித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். தொலைபேசிக் கண்காணிப்பையே பேனலில் அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். என் வகை மாட்யூலில் அணைப்பது சரி, அங்கே தொலைபேசியே கிடையாது. உங்கள் வகையில் மாட்யூல் செத்தால் பேனலுக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி. அணைக்காதீர்கள், முனகலுக்கு முன் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் கூட்டுங்கள்.

கைப்பேசி வலை வழியாக இரண்டாவது பாதை வைக்கலாமா என்றும் கேட்டீர்கள். அம்மாவின் பொத்தானுக்காக நான் வைத்திருக்கிறேன். வாங்கும்போது எந்தத் தலைமுறை வலையில் பேசுகிறது என்று பார்த்து வாங்குங்கள். பல நாடுகளில் 2ஜியும் 3ஜியும் மூடப்பட்டபோது அவற்றை மட்டுமே நம்பிய மாட்யூல்கள் ஒரே நாளில் ஊமையாயின.

3 மே

உங்கள் சோதனைக் குறிப்பைப் படித்தேன். 10:14க்கு டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கினீர்கள், 10:30க்கு வெளி இணைப்பைப் பிடுங்கினீர்கள், 10:36க்கு மையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐந்து நிமிட வரம்புக்கும் ஆள் தொலைபேசியை எடுக்கும் நேரத்துக்கும் ஆறு நிமிடம் சரியான அளவு. என் வீட்டில் எனக்கு வந்ததும் அதே ஆறுதான்.

ஒன்று மட்டும் உங்கள் குறிப்பில் இல்லை. மையத்திடம் அன்றைய நிகழ்வுப் பட்டியலை அனுப்பச் சொல்லுங்கள். மின்சாரம் போனதற்கு 1301 இருக்கும், சில பேனல்கள் அதைத் தாமதித்தே அனுப்பும் என்பதால் 10:14இலேயே இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாவற்றையும் திரும்பச் செருகிய பிறகு 3301 வந்திருக்கிறதா?